வயிற்று ஊதலா, சூலகப் புற்றுநோயா? கேள்வி பதில்

மே 8 உலக சூலகப் புற்றுநோய் தினம். அதையொட்டி நம் பகுதிப் பெண்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெண்கள் வார்ட்டில் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 58 வயது. இரண்டு மாதமாக வயிறு ஊதல். நாலு வாய் சோறு சாப்பிட்டாலே நிரம்பிவிட்டது என்கிறார். ஓமத்தண்ணீர், கேஸ் குளிசை எல்லாம் கொடுத்துவிட்டோம். (களுவாஞ்சிகுடி)

குளிசை போதும் மகள், டொக்டரிடம் கூட்டிப் போங்கள். சூலகம், அதாவது கருமுட்டை உண்டாகும் உறுப்பு, இடுப்புக்குள் ஆழமாக இருப்பதால், கட்டி வளர்ந்தாலும் ஆரம்பத்தில் கைக்கு அகப்படாது. வயிற்று ஊதல், அடிவயிற்று நோவு, சீக்கிரம் வயிறு நிரம்புதல், அடிக்கடி சிறுநீர் போதல். இவற்றில் ஒன்று புதிதாகத் தொடங்கி மாதத்தில் 12 நாளுக்கு மேல் வந்தால் விடக்கூடாது. உடம்பு மெலிய வயிறு மட்டும் பெருத்தால் உள்ளே நீர் சேர்ந்திருக்கலாம். பெரும்பாலும் வேறு காரணமாகத்தான் இருக்கும், ஆனால் அதை ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். "சூலகத்தையும் பார்க்க வேணுமா டொக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். நம்மவர்கள் டொக்டர் முன்னால் வாய் திறப்பதே இல்லை! மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

வெல் வுமன் கிளினிக்கில் பாப் டெஸ்ட் செய்தேன், நல்லது என்றார்கள். பிறகென்ன பயம்? (அக்கரைப்பற்று)

அது கருப்பைக் கழுத்துக்கான சோதனை. சூலகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பாடசாலையில் போடும் எச்.பி.வி. ஊசியும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கத்தான், சூலகத்துக்கு அல்ல.

அப்போ வருஷா வருஷம் சிஏ 125 இரத்தப் பரிசோதனை செய்யட்டுமா மிஸ்? (காத்தான்குடி)

அறிகுறி இல்லாதவர் செய்து பயனில்லை. சிஏ 125 என்பது இரத்தத்தில் உள்ள ஒரு புரதம். மாதவிடாய் நேரத்திலும், கருப்பையில் சாதாரண நார்க்கட்டி இருந்தாலும் அது கூடும். ஆரம்பநிலைப் புற்றுநோயில் கூடாமலும் இருக்கும். வீணாகக் காசும் நித்திரையும் போகும்.

தங்கச்சிக்கு 24, கல்யாணம் ஆகவில்லை. ஸ்கேன் என்றால் உள்ளால் செய்வார்களோ என்று பயப்படுகிறாள். (ஏறாவூர்)

இல்லையம்மா. தண்ணீர் குடித்து, சிறுநீர்ப்பை நிறைந்ததும் வயிற்றுக்கு மேலாலேயே பார்க்கலாம். கல்யாணம் ஆகவில்லை என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பெண் டொக்டர் வேண்டுமென்றும் கேட்கலாம், அதில் வெட்கமில்லை.

பெரியம்மாவுக்கு சூலகத்தில், அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். எனக்கும் வருமா? (திருக்கோவில்)

வரும் என்றில்லை, ஆனால் வாய்ப்புக் கூட. பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்ற மரபணுக்களில் உள்ள மாற்றம் இரண்டு நோய்க்கும் காரணமாகலாம். புற்றுநோய் கிளினிக்கில் இந்தக் குடும்ப விபரத்தைச் சொல்லுங்கள். அப்பா பக்கத்தையும் விடாதீர்கள், அவர் வழியாகவும் வரும்.

பிள்ளை பெறாதவர்களுக்குத்தானே இது வரும்? (வாகரை)

அவர்களுக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பிள்ளை பெற்றவர்களுக்கும் வரும்.