'ஏட்' போய் 'ஈட்டட்' வந்தது ஏன்?

ஆங்கிலத்தில் 'சாப்பிட்டேன்' என்பதற்குப் போன மாதம் வரை 'ஏட்' (ate) என்று சரியாகச் சொன்ன மகள் இப்போது 'ஐ ஈட்டட் தோசை' என்கிறாள், மறந்துவிட்டாளா என்று கேட்டிருந்தீர்கள். மறக்கவில்லைங்க, விதியைக் கண்டுபிடித்துவிட்டாள். 'ஏட்' அவளுக்கு மனப்பாடமாக இருந்த முழுச்சொல். இப்போது 'ஈட்'டைத் தனியாக எடுத்து, இறந்தகாலத்துக்கான '-ed' என்ற வாலை அவளே ஒட்டுகிறாள்.

1958-இல் குழந்தைகளின் மொழியை ஆராய்ந்த ஜீன் பெர்கோ, இல்லாத ஒரு பிராணிக்கு 'வக்' என்று பெயர் வைத்துப் படம் காட்டினார். இரண்டைக் காட்டியதும் பெரும்பாலான பிள்ளைகள் பன்மையில் 'வக்ஸ்' என்றார்கள். கேட்டே இராத சொல்! மனப்பாடத்தில் இது வராது.

நிறுத்தித் திருத்தாதீர்கள். 'ஓ, யூ ஏட் தோசையா?' என்று பேச்சுவாக்கில் திருப்பிச் சொன்னால் போதும். காதில் விழ விழ 'ஏட்' மறுபடி முந்திக்கொள்ளும். என் பையன் எலிகளை 'மைஸ்' (mice) என்னாமல் ஒரு வருடம் 'மவுஸஸ்' என்றே ஓட்டினான்.