அவர் சொல்லாமல் இருக்கட்டும்

அன்புள்ள அக்கா,

செந்தூலில் ஒரு குடும்ப உதவி மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். கணவரிடம் அடிவாங்கிய ஒரு பெண் வாராவாரம் வருகிறார். வாடகை, பிள்ளையின் பள்ளி பஸ் காசு, இவற்றைத்தான் பேசுகிறார். அடி விழுந்த அந்த இரவைப் பற்றிக் கேட்டால் வாயே திறப்பதில்லை. மனம் திறந்தால்தானே ஆறும்? ஒத்துழைக்காத ஒருவருக்கு எப்படி உதவுவது? அவர் போன பிறகு எனக்கு அழுகை வருகிறது. இது பலவீனமா?

ம., கோலாலம்பூர்

அன்புள்ள ம.,

அழுகை வந்தால் அழுங்கள். உங்கள் மேற்பார்வையாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அதை விடுங்கள். 'ஒத்துழைக்காத ஒருவர்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அந்த வீட்டிலிருந்து கிளம்பி வாராவாரம் உங்கள் முன்னால் வந்து உட்காருகிறாரே, அது என்ன?

என் தாத்தா சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, போய்த் திரும்பியவர். 1943இல் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் அங்கேயே மடிந்தார்கள். தாத்தாவைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் கதை வேண்டும். சொல்ல வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அன்று இரவு தாத்தா சாப்பிட மாட்டார். பாட்டி ஒருநாளும் கேட்டதில்லை. படுக்கப் போகும் முன் அரிசி டின்னைத் திறந்து காட்டுவார், "நாளைக்கும் இருக்கு" என்பார். எத்தனையோ வருடம் கழித்து, கூடப் போன தம்பியைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் தானாகவே பேசினார். அதுவும் பாதிதான். மீதியைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். அது அவருடைய உரிமை.

ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992இலேயே எழுதினார்: முதலில் பாதுகாப்பு, நினைத்து அழுவதெல்லாம் அதற்குப் பிறகு. உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு மனநல முதலுதவிக் கையேடும், நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள் என்கிறது. சொல்ல வைத்து ஆற்றுகிற சிகிச்சைகள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. அதற்கு அவர் சம்மதம் வேண்டும், பயிற்சி வேண்டும், அன்றிரவு அவர் திரும்பிப் போகிற வீட்டில் அடி விழாது என்ற நிச்சயமும் வேண்டும். அது எதுவும் இல்லாமல் புண்ணைக் கிளறிவிட்டு ஒரு மணி நேரத்தில் அனுப்பி வைப்பதற்குக் கருணை என்று பெயர் வைக்காதீர்கள். உங்களுக்கு அந்த இரவு எதற்கு? அவர் ஆறுவதற்கா, நீங்கள் வேலை செய்தோம் என்று நினைத்துக்கொள்வதற்கா? கடுமையாகக் கேட்கிறேன், தெரியும். அழுகிற மனசு உள்ளவர் என்பதால்தான் கேட்கிறேன்.

வாடகையைப் பேசுகிறவர் பாதுகாப்பைத்தானே பேசுகிறார்? அடுத்த முறை எவ்வளவு பாக்கி என்று கேளுங்கள். தனியாகப் போய்விட்டால் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். சமூக நல இலாகா அதிகாரியே 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு தரலாம், அதற்குக் கோர்ட் ஏற வேண்டாம். இது அவருக்குத் தெரியுமா? அப்புறம், தாலியான் காசி (Talian Kasih) என்ற அரசாங்க உதவித் தொலைபேசியின் எண் 15999, இரவிலும் எடுப்பார்கள். அவர் சரி என்றால் அந்த எண்ணைப் போனில் பதிந்து கொடுங்கள். கணவர் போனை எடுத்துப் பார்க்கிறவர் என்றால் வேறு பெயரில் பதியுங்கள்.