‘கூடாது’ என்று முடியும் மூன்று வரிகள்

உங்கள் பையனை மூன்றாவது தடவையாக மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத வைக்கலாமா என்று, படிப்பு ஆலோசனை கேட்டுத்தான் என்னிடம் வந்தீர்கள். முக்கால் மணி நேரம் நீங்கள் பேசினீர்கள், பையன் நாலு வார்த்தை பேசினான். அவனை வெளியே உட்கார வைத்து, “அடுத்த ஐந்து வருடத்துக்கு உன் இலக்கு என்ன, எழுது தம்பி” என்று ஒரு தாளைக் கொடுத்தேன். எழுதித் தந்தது இதுதான்:

மறுபடியும் ஃபெயில் ஆகக் கூடாது.
பெரியப்பா முன்னால் அம்மா தலை குனியக் கூடாது.
அப்பா பணத்தை வீணாக்கக் கூடாது.

அன்றைக்கு உங்கள் கண் கலங்கியிருந்ததால் “கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது தப்பு. இந்தத் தாளைப் பார்த்தால் கவலைப்படத்தான் வேண்டும். ஐந்து வருடத் திட்டத்தில் மருத்துவம், டாக்டர் என்ற சொற்களே இல்லை, கவனித்தீர்களா? மூன்று வரியும் ‘கூடாது’ என்று முடிகிறது. பஸ்ஸில் ஏறி “அந்த ஊருக்கு மட்டும் போகக் கூடாது” என்றால் கண்டக்டர் எந்த ஊருக்கு டிக்கெட் கிழிப்பார்?

உளவியலில் இதை நாடும் இலக்கு, தவிர்க்கும் இலக்கு என்று பிரிப்பார்கள். ஆண்ட்ரூ எலியட் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், தவிர்க்கும் இலக்குகள் அதிகமாக வைத்திருந்தவர்களின் மனநிறைவு குறைவாக இருந்தது. உங்கள் பையனைப் பார்த்தால் அதற்கு ஆய்வே தேவையில்லை. இரண்டு வருடமாக அவன் எதையோ பிடிக்க ஓடவில்லை, எதனிடமிருந்தோ தப்பிக்க ஓடிக்கொண்டிருக்கிறான்.

பெரியப்பா அனுப்பிய செய்தியையும் காட்டினீர்கள். 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதி வைத்த 3 சதவீத மாணவர்கள், பிற்காலத்தில் மற்ற 97 சதவீதம் பேரின் மொத்தச் சொத்தை விட அதிகமாகச் சம்பாதித்தார்களாம். அதனால் சுவரில் ‘நான் டாக்டர்’ என்று எழுதி ஒட்டச் சொல்கிறார். அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்கு ஆதாரமே கிடையாது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் வாய்வழியாகவே அது பரவியது. பெரியப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், வீண் சண்டை.

உண்மையான ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. எட்வின் லாக், கேரி லேதம் என்ற உளவியலாளர்கள் இருவரும் இலக்கு வைப்பதைப் பற்றியே பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர்கள். ‘முடிந்தவரை செய்’ என்பதை விட, தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு நல்ல பலன் தரும் என்பது அவர்கள் கண்டது. கூடவே இன்னொன்றும் சொல்கிறார்கள், அதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை: இன்னும் பழகாத, சிக்கலான வேலையில் ‘இத்தனை எடு’ என்ற இலக்கை விட ‘இன்னின்னதைக் கற்றுக்கொள்’ என்ற இலக்கே உதவும். பதினெட்டு வயதுப் பையனுக்கு வாழ்க்கையே பழகாத வேலைதான்.

சரி, என்ன கற்றுக்கொள்வது? அதற்கான விடையை நீங்களே ஒரு புகாராகச் சொன்னீர்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, “படிக்கிற நேரத்தில் பாட்டியின் காலை நோண்டிக்கொண்டிருந்தான் சார்” என்றீர்களே, அது. நான் அவனிடம் தனியாகக் கேட்டேன். பக்கவாதத்துக்குப் பிறகு பாட்டியின் பாதம் தொங்கிவிட்டது, நடந்தால் விரல் தரையில் இழுபடும். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பட்டை கணுக்காலில் உரசியதால் பாட்டி அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். இவன் உங்கள் லிப்ஸ்டிக்கை எடுத்துக் கணுக்கால் எலும்பில் பூசி, பட்டையை மாட்டிக் கழற்றிப் பார்த்திருக்கிறான். சிவப்பு ஒட்டிய இடம்தான் உரசும் இடம். பழைய செருப்பின் ஸ்பாஞ்சை வெட்டி அந்த இடத்தைச் சுற்றி வளையம் மாதிரி ஒட்டி, நடுவில் எலும்புக்கு மட்டும் பள்ளம் விட்டிருக்கிறான். (அடுத்த தடவை கருவியைக் கொடுத்தவரிடமே காட்டச் சொல்லுங்கள். பக்கவாதம் வந்த காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், புண் வருவது பாட்டிக்குத் தெரியாமலே போகும்.)

அவனுக்குத் தெரியாது, இதையே தொழிலாகச் செய்பவர்களும் அழுத்தம் விழும் இடத்தைக் கண்டுபிடிக்க லிப்ஸ்டிக் தடவிப் பார்ப்பதுண்டு. அந்தத் தொழிலுக்குப் ப்ராஸ்தெடிக்ஸ் அண்ட் ஆர்த்தோடிக்ஸ் என்று பெயர். செயற்கைக் கை கால்களும், பலவீனமான உறுப்பைத் தாங்கும் கருவிகளும் செய்து பொருத்தும் படிப்பு. மருத்துவம், பொறியியல், அது கிடைக்காவிட்டால் இது என்று நீங்கள் நீட்டிய பட்டியல் எதிலும் இது இல்லை. மற்ற படிப்புகளைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் இதை மட்டும் சொல்கிறேன்.

முழங்காலுக்குக் கீழே கால் இழந்த ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மிச்சமிருக்கும் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எங்கே எலும்பு, எங்கே சதை, எங்கே தழும்பு. மெல்லிய உறை மாட்டி, எலும்பு துருத்தும் இடங்களை அழியாத பென்சிலால் குறித்து, மேலே மாவுக்கட்டு போடுவார்கள். காய்ந்ததும் கழற்றினால் பென்சில் குறி உள்பக்கம் பதிந்திருக்கும். அந்தக் கூட்டுக்குள் மாவுக்கட்டு மாவைக் கரைத்து ஊற்றினால் காலின் அச்சு கிடைக்கும். இனிமேல்தான் கைவேலை. எடையைத் தாங்கக்கூடிய இடத்தில், உதாரணமாக முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரில், அச்சைச் சுரண்டி எடுப்பார்கள். தாங்காத எலும்பு முனையில் மாவை அப்பி மேடாக்குவார்கள். அச்சு எங்கே மேடோ அங்கே சாக்கெட்டில், அதாவது மிச்சமிருக்கும் கால் நுழையும் கூட்டில், இடம் கிடைக்கும். இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் அந்த மனிதர் காலைக் கழற்றி மூலையில் வைத்துவிடுவார், பாட்டி செய்த மாதிரியே. அப்புறம் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின் மேல் போர்த்திக் காற்றை உறிஞ்சி ஒட்ட வைத்து, பாதத்தைப் பூட்டி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்க விட்டுப் பார்ப்பார்கள். பாதம் கொஞ்சம் சாய்ந்தாலும் முழங்கால் மடங்கும் விதம் மாறிவிடும். கழற்றியதும் தோலில் சிவப்பு எங்கே, எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்த்துத் திரும்பச் செதுக்க வேண்டும். இப்போது ஸ்கேனரும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் வந்துவிட்டன, ஆனாலும் தொட்டுப் பார்க்கும் விரல் தேவைப்படுகிறது.

1968இல் ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் உருவானது இப்படித்தான், ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் சேர்ந்து. உடற்கூறும் தெரிய வேண்டும், கையும் பேச வேண்டும். எந்த மக்கள்தொகையிலும் சுமார் 0.5 சதவீதம் பேருக்கு இத்தகைய கருவிகள் தேவைப்படும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வளரும் குழந்தைக்குத் திரும்பத் திரும்பப் புதிதாகச் செய்ய வேண்டும், அதனால் ஒரே முகத்தை வருடக்கணக்கில் பார்க்கலாம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் மாவுத் தூசியும் பிசின் வாடையும் இருக்கும். டாக்டருக்குக் கிடைக்கும் சம்பளத்தை எதிர்பார்க்க வேண்டாம். வேலை இருக்கும் மையங்கள் பெரும்பாலும் பெரிய ஊர்களில்தான். படிப்பின் பெயரைச் சொன்னால் உறவினர்கள் ‘அப்படின்னா?’ என்பார்கள்.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூன்றாவது வருடக் கோச்சிங், அதுவும் கைகொடுக்காவிட்டால் வீட்டை அடமானம் வைத்து ஒரு சீட் என்றீர்கள். வேண்டாம். கடன் மொத்தம், அந்தப் படிப்பு முடித்தவருக்கு முதல் வருடம் முழுவதும் உண்மையில் கிடைக்கும் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. விளம்பரத்தில் போட்டிருக்கும் சம்பளத்தை நம்ப வேண்டாம், இரண்டு வருடம் முன்னால் படித்து முடித்தவர்கள் மூன்று பேரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். பெரியப்பா வற்புறுத்தினால், கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்து போடுவாரா என்று கேட்டுப் பாருங்கள். இதே கணக்கு நான் சொல்லும் படிப்புக்கும் பொருந்தும். சேரும் முன்னால் உள்நாட்டில் தொழில் பதிவு கிடைக்குமா என்றும், 1970இல் கோபன்ஹேகனில் தொடங்கிய சர்வதேச சங்கமான ஐ.எஸ்.பி.ஓ.வின் அங்கீகாரம் உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது அவனுக்குப் பிடிக்காமலும் போகலாம். அதனால் இப்போதே ‘இதுதான் என் இலக்கு’ என்று எழுத வைக்காதீர்கள். அடுத்த மாதத்துக்குள் இரண்டு மையங்களில், தலா இரண்டு நாள், அனுமதி வாங்கி ஓரமாக நின்று பார்க்கட்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் சொல்லும் ‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற வடிவத்தில் திட்டம் போடச் சொன்னேன். போன வாரம் அவன் திரும்ப எழுதி அனுப்பியதில் மூன்றே வரி. “திங்கட்கிழமை காலை முதல் மையத்துக்கு ஃபோன் செய்வேன். வேண்டாம் என்றால் அன்றைக்கே அடுத்த மையத்தைக் கேட்பேன். ஒரு பாதம் எப்படிப் பூட்டுகிறார்கள் என்பதைக் கற்றுக்கொண்டு வருவேன்.”

அந்த நாலு நாளும் அவனைக் கோச்சிங் வகுப்புக்கு அனுப்பாதீர்கள். பெரியப்பாவுக்கும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். அடுத்த முறை வரும்போது, பாட்டிக்குச் சிரமம் இல்லையென்றால், அந்தப் பட்டையை எடுத்து வாருங்கள். ஸ்பாஞ்சை எப்படி ஒட்டியிருக்கிறான் என்று நான் பார்க்க வேண்டும்.