கைது செய்தால் தொற்று அடங்குமா?

கே: சிறைக்குள் கொரோனா பரவினால் வெளியில் இருக்கிற நமக்கு என்ன?

ப: கைதி என்றால் வருஷக்கணக்கில் உள்ளேயே கிடப்பவர் என்று நினைப்பதால் வருகிற கேள்வி இது. 2020 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் சுமார் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் பலர் சில வாரங்களிலேயே ஜாமீனில் வீடு திரும்புகிறவர்கள். வார்டர்களும் ஷிப்ட் முடிந்தால் பிள்ளைகுட்டி இருக்கிற வீட்டுக்குத்தான் போகிறார்கள். அமெரிக்காவில் சிகாகோவின் குக் கவுண்டி சிறையை எரிக் ரெய்ன்ஹார்ட், டேனியல் சென் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2020-இல் ஆராய்ந்தார்கள். அங்கே அடைக்கப்பட்டு வெளியே வந்தவர்கள் எந்தெந்தப் பின்கோடு பகுதிக்குத் திரும்பினார்கள் என்று எடுத்து, ஏப்ரல் 19 வரை அந்தந்தப் பகுதியில் பதிவான தொற்றோடு ஒப்பிட்டதில், சிகாகோ இருக்கிற இல்லினாய் மாநிலத் தொற்றில் 15.7 சதவீதம் இப்படிச் சிறைக்குப் போய் வருவதோடு தொடர்புடையதாக வந்தது. வறுமை, ஜன நெரிசல், பஸ் ரயில் பயணம் எல்லாவற்றையும்விட இதுதான் தொற்றோடு அதிகம் ஒத்துப்போனது. இது ஒரு தொடர்பைக் காட்டுகிறது, அறுதியான நிரூபணம் இல்லை. அதற்காக ஒதுக்கித் தள்ளிவிடக்கூடிய எண்ணும் இல்லை.

கே: ஊரடங்கை மீறியவர்களைப் பிடித்து உள்ளே போட்டதில் என்ன தப்பு?

ப: மாஸ்க் இல்லாமல் பைக்கில் தனியாகப் போகிறவரைப் பிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஜீப்பில் இரண்டு மூன்று போலீசாரோடு நெருக்கி உட்காருவார், அப்புறம் ஸ்டேஷன் பெஞ்ச், உடல் தகுதிச் சான்றுக்கு ஜி.எச். வரிசை, மாஜிஸ்திரேட் முன் காத்திருப்பு, ரிமாண்ட் ஆனால் கிளைச் சிறையில் ஒரே அறையில் முன்பின் தெரியாத பத்துப் பேர். தெருவில் யாரையும் தொடாதவர் ஒரே நாளில் இத்தனை பேரின் மூச்சுக்காற்றுக்குள் போய் வருகிறார்! இதற்கு அப்போது போட்ட, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவில் அதிகபட்சத் தண்டனையே ஆறு மாதச் சிறைதான். அபராதம் போட்டு அனுப்பியிருக்கலாம், அதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் இயந்திரத்தனமாகக் கைது செய்யாதீர்கள் என்று உச்ச நீதிமன்றமே 2021 மே மாதம் மறுபடி சொல்ல வேண்டி வந்தது.

கே: அப்படியானால் எல்லோரையும் திறந்து விட்டுவிடலாமா?

ப: இல்லை. 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலந்தோறும் உயர்நிலைக் குழு அமைத்து, யாரை பரோலிலோ இடைக்கால ஜாமீனிலோ விடலாம் என்று பார்க்கச் சொன்னது. விடும்போதும் இடம் மாற்றும்போதும் டெஸ்ட் முக்கியம். கலிபோர்னியாவில் சான் குவென்டின் சிறையில் தொற்றே இல்லாதிருந்தது. 2020 மே கடைசியில் வேறொரு சிறையிலிருந்து 120 பேருக்கு மேல் அங்கே மாற்றினார்கள், அதில் பலருக்கு டெஸ்ட் எடுத்துப் பல வாரம் ஆகியிருந்தது. 2,000-க்கும் அதிகமானோருக்குத் தொற்றி, 28 கைதிகளும் ஒரு ஊழியரும் இறந்தார்கள். தடுத்திருக்கக்கூடிய சாவுகள்.

கே: என் தம்பி இப்போது ரிமாண்டில் இருக்கிறான், விடாமல் இருமல். என்ன செய்வது?

ப: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் காசநோயைச் சந்தேகியுங்கள், நெரிசலான சிறையில் அது கொரோனாவுக்கு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. சிறை மருத்துவரிடம் சளிப் பரிசோதனை கேட்கச் சொல்லுங்கள். நடக்கவில்லை என்றால் வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் இலவச சட்ட உதவிக்கு 15100-க்கு போன் செய்யுங்கள். காசநோய் என்று உறுதியானால், கைதாவதற்கு முன் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.