கீறல் தெரியவில்லையா? முதலில் விளக்கை மாற்றுங்கள்

வணக்கம் நண்பரே. பாலிஷ் போட்ட அலுமினிய மூடியில் 0.1 மி.மீ. கீறலைக் கேமரா விட்டுவிடுகிறது, எண்ணெய்க் கறையைக் கீறல் என்று ஒதுக்குகிறது, படத்தைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிக்கும் AI மாடலை மறுபடி பயிற்றுவிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மாடல் மேல் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

100 மி.மீ. அகலத்தை 1920 பிக்சலில் எடுக்கிறீர்கள். கீறலுக்குக் கிடைப்பது இரண்டே பிக்சல். குறைந்தது மூன்று, நான்கு பிக்சலாவது வேண்டும். மூடிகள் வரும் பெல்ட் நொடிக்கு 200 மி.மீ. ஓடுகிறது, எக்ஸ்போஷர் (ஒரு படத்துக்குக் கேமரா ஒளியை வாங்கும் நேரம்) 1 மில்லிசெகண்ட் என்கிறீர்கள். அப்படியென்றால் படம் 0.2 மி.மீ. இழுபடும், கீறல் அதிலேயே கரைந்துபோகும். எக்ஸ்போஷரை 0.1 மில்லிசெகண்டுக்குக் குறைத்துவிடுங்கள். அப்போது வெளிச்சம் பத்தாது, படம் எடுக்கும் கணத்தில் மட்டும் பளிச்சென்று மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு தேவைப்படும்.

அதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒரு சோதனை. மேலிருந்து அடிக்கும் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை மூடியின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட படுக்கையாகப் பிடியுங்கள். பரப்பு முழுக்கக் கறுத்துவிடும். கீறலின் விளிம்பு மட்டும் வெள்ளைக் கோடாக மின்னும். வழவழப்பான எண்ணெய்ப் படலம் பெரும்பாலும் இருட்டிலேயே அடங்கிவிடும். தூசி மட்டும் புள்ளி புள்ளியாக மின்னும், அதனால் கேமராவுக்கு முன்னால் ஏர் அடித்துவிடுங்கள்.

இது சரியாக வந்தால் இதேபோல் பக்கவாட்டில் தாழ்வாக ஒளி வீசும் வளைய விளக்கு, அதாவது தாழ்கோண ரிங் லைட் வாங்குங்கள். அப்புறம் புதுப் படங்களை வைத்து மாடலைப் பயிற்றுவிக்கலாம். டார்ச் வைத்து எடுத்த படம் இரண்டு போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.