வெள்ளை போர்டு காரும் மைத்துனரின் வாடகைச் சவாரியும்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். நான்கே கால் வயதான என் பெட்ரோல் காரை என் மனைவியின் தம்பி ஓட்டிச் சென்று, தாராபுரம் சாலையில் தடுப்புச் சுவரில் மோதிவிட்டார். பில் 92,000 ரூபாய். முழுக் காப்பீடு இருந்தும் 63,000தான் கிடைத்தது. சேமிப்பில் 60,000 ரூபாய் இருக்கிறது. மீதிக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா? இனி ‘பம்பர் டு பம்பர்’ பாலிசி எடுத்தால் இந்தத் தொல்லை தீருமா? வார இறுதிகளில் அவர் இந்தக் காரில் பழனி, சபரிமலை என்று ஆட்களை அழைத்துச் சென்று, பெட்ரோல் போக 2,500 ரூபாய் வாங்கிக்கொள்வார். குடும்பத்துக்குள் எப்படி மறுப்பது?

பதில்: காப்பீட்டு நிறுவனம் உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் அனுப்பிய பில்லின்படி, பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள் 28,000. இவற்றில் பாதி தேய்மானமாகக் கழியும். பானெட், ஃபெண்டர் போன்ற உலோக பாகங்கள் 30,000. நான்கு வயது தாண்டிய வண்டிக்கு 35 சதவீதம், அதாவது 10,500 போகும். கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. பெயின்ட் பொருளில் 1,500, ஆயில், கூலன்ட், ஸ்குரூ வகையில் 2,000, கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டிய 1,000 எல்லாம் சேர்ந்தால் 29,000 ஆகிறது. இதோடு, அடுத்த புதுப்பித்தலில் கிடைத்திருக்க வேண்டிய 50 சதவீத நோ கிளைம் போனஸும் (கிளைம் கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) பூஜ்யமாகி, மீண்டும் 20 சதவீதத்திலிருந்து ஏற வேண்டும். சொந்தச் சேதப் பிரீமியம் 9,000 என்று வைத்தால், ஐந்தாண்டுகளில் தோராயமாக 11,000 ரூபாய் இழப்பு.

ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த 2,500 ரூபாய்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. தனியார் கார் பாலிசியில் வாடகைக்கு ஓட்டக்கூடாது என்று தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது. பெட்ரோல் காசுக்கு மேல் ஒரு தொகை கைமாறினாலே அது வாடகைதான் என்று நிறுவனம் வாதிட முடியும். இந்த விபத்தின்போது அவர் தனியாக இருந்ததால் தப்பித்தீர்கள். பழனிக்குக் கூட்டிச் சென்ற நால்வரில் ஒருவர், “நாங்கள் பணம் கொடுத்துத்தான் வந்தோம்” என்று போலீஸ் வாக்குமூலத்தில் சொல்லியிருந்தால், 63,000 ரூபாயும் வந்திருக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து, எதிரே வந்தவர் இறந்துபோனால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு. பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தால், காப்பீட்டு நிறுவனம் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவது வழக்கம். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது உங்கள் பெயர். 20 லட்சம் என்று தீர்ப்பு வந்தால், அது உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். உங்கள் பாலிசியிலுள்ள 15 லட்ச ரூபாய் உரிமையாளர்–ஓட்டுநர் விபத்துக் காப்பீடும் உங்களுக்கு மட்டுமே. அவர் ஓட்டினால் அவருக்குப் பொருந்தாது. மாதம் நான்கு சவாரியில் அவர் சம்பாதிப்பது 10,000. அந்த வருமானத்துக்குப் பிணையாக நிற்பதோ உங்கள் சொத்து.

ஆகவே சாவி கொடுப்பதை நிறுத்துங்கள். மனைவியை நடுவில் நிறுத்தாமல் நீங்களே பேசுங்கள்: பணம் வாங்காமல், செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமத்துடன் குடும்ப வேலைக்கு எடுத்தால் ஆட்சேபமில்லை, சவாரிக்குத் தர முடியாது. அதையே தொழிலாகச் செய்ய விரும்பினால், பெர்மிட், வணிக வாகனக் காப்பீட்டுடன் மஞ்சள் போர்டு வண்டி வாங்கட்டும். அந்த வண்டிக்கு அவர் வாங்கும் கடனுக்கும் நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். இப்போதைய 29,000 ரூபாய்க்குத் தனிநபர் கடன் வேண்டாம். சேமிப்பில் இருப்பதாக எழுதிய 60,000 ரூபாயிலிருந்து கட்டிவிட்டு, மாதம் 5,000 வீதம் ஆறு மாதத்தில் அவரிடம் வாங்குங்கள். கூச்சம் இருந்தால், அடுத்த முறையும் நீங்கள்தான் கட்டுவீர்கள்.

பம்பர் டு பம்பரைப் பொறுத்தவரை, ஷோரூம்காரர் சொல்வதுபோல் அது சர்வரோக நிவாரணி அல்ல. தேய்மானக் கழிவை மட்டும் அது நீக்கும். கட்டாயத் தொகை உங்கள் தலையில்தான், ஆயில், ஸ்குரூவுக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும், வாடகைச் சவாரிக்கு அதுவும் கைகொடுக்காது. புதுப்பிக்கும்போது கூடுதல் பிரீமியம் 3,000 ரூபாய்க்குள் வந்தால் எடுக்கலாம். ஆண்டுக்கு எத்தனை கிளைம் அனுமதி என்பதை மட்டும் பாலிசி ஆவணத்திலேயே படித்துப் பாருங்கள், முகவரின் வாட்ஸ்அப் செய்தியில் அல்ல.