பால் மாவும் பாட்டில் கிலுகிலுப்பையும்

வணக்கம்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் அங்கன்வாடி பணியாளராக இருக்கிறேன். ஜமைக்காவில் ஏழைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். நாங்களும் மாதாமாதம் அம்மாக்களை உட்காரவைத்து, பிள்ளையோடு பேசுங்கள், விளையாடுங்கள், அடிக்காதீர்கள் என்று சொல்லத்தான் செய்கிறோம். தலையாட்டிவிட்டு, சத்துமாவு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த ஊர்ப் பெண்கள் அப்படி என்னதான் செய்தார்கள்? வீடு வீடாகப் போக எனக்கு நேரம் ஏது?

ச.

அன்புள்ள ச.,

அவர்கள் சொல்லவில்லை, செய்ய வைத்தார்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

1986-87இல் ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனின் ஏழ்மையான பகுதிகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளோடு சாலி கிரந்தம்-மக்ரெகர் என்ற மருத்துவரின் குழு இந்த வேலையைத் தொடங்கியது. எல்லாம் 9 மாதத்திலிருந்து 2 வயதுக்குள் இருந்த குழந்தைகள். சில வீடுகளுக்கு வாரம் 1 கிலோ பால் மாவு. சில வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பணியாளர் வருவார். சில வீடுகளுக்கு இரண்டும், சிலவற்றுக்கு இரண்டும் இல்லை. இப்படி 2 வருடம் நடந்தது.

வந்தவர்கள் உங்களைப் போல உள்ளூர்ப் பெண்கள்தான், பெரிய பட்டம் வாங்கியவர்கள் இல்லை. பையில் காலி பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த கிலுகிலுப்பை, துணியில் தைத்த பொம்மை, அட்டைப் பெட்டியை வெட்டிச் செய்த விளையாட்டுச் சாமான், ஒரு படப் புத்தகம், இவ்வளவுதான் இருக்கும். வந்ததும் தரையில் உட்கார்ந்து பிள்ளைக்கு ஒரு தடவை செய்து காட்டுவார், அப்புறம் சாமானை அம்மா கையில் கொடுத்துவிடுவார். அம்மா ஆட்டிக் காட்ட, பிள்ளை எட்டிப் பிடிக்க, அந்த இடத்திலேயே இரண்டு பேருக்கும் ஒரு பாராட்டு. போகும்போது சாமானை வீட்டிலேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் வேறொன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்வார். குளிப்பாட்டும்போது கை கால் பேர் சொல்வது, சமைக்கும்போது பாத்திரத்தைத் தட்டிப் பேசுவது, இதையும் சேர்த்துச் செய்ய வைத்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தப் பாராட்டுதான். எல்லாரிடமும் வசவு வாங்கிப் பழகிய ஒரு பெண்ணிடம், உன் பிள்ளை உன் முகத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறான், நீ நன்றாகச் செய்கிறாய் என்று ஒருவர் வாராவாரம் வந்து சொன்னால் அவள் பிள்ளையைப் பார்க்கும் விதமே மாறிவிடும் என்று நான் நம்புகிறேன். அம்மாவுக்குத் தன்மேல் நம்பிக்கை வர வேண்டும் என்பதை அந்தக் குழு ஒரு குறிக்கோளாகவே வைத்திருந்தது.

சரி, பலன் என்ன? பால் மாவு அப்போதைக்குக் கைகொடுத்தது, ஆனால் அதன் பலன் பிற்காலத்தில் நிலைக்கவில்லை. விளையாட்டின் பலன் நிலைத்தது. 17, 18 வயதில் சூசன் வாக்கர் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் தேடிப் போய்ப் பார்த்தபோது, பணியாளர் வராத வீட்டுப் பிள்ளைகளைவிட விளையாட்டுக் குழுவில் இருந்த பிள்ளைகளிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன, தங்களைப் பற்றிய மதிப்பு கூடுதலாக இருந்தது. 22 வயதில் அடிதடியில் இறங்குவதும் குறைவு, வருமானம் சுமார் 25 சதவீதம் அதிகம். சத்துமாவு வேண்டாம் என்று இதை வைத்து யாரும் கிளம்பிவிடக் கூடாது, வயிறு நிறைந்தால்தான் மற்றதெல்லாம்.

ஆனால் 129 குழந்தைகள் என்பது சின்ன ஆய்வு. கொலம்பியாவில் இதையே பல ஊர்களுக்கு விரித்தபோது, திட்டம் முடிந்த கையோடு பலன் தெரிந்தது, அதற்கு இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் மங்கிவிட்டது. வருகை நின்ற பிறகும் அம்மா தொடர்ந்து செய்கிறாளா, வந்தவர் அவளை மதித்து நடந்தாரா, அல்லது கணக்குக்கு ஒரு மணி நேரம் ஓட்டினாரா என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்யும் என்று நினைக்கிறேன்.

நேரம் ஏது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி, பதிவேடும் செல்போன் ஆப்பும் உங்கள் நாளைத் தின்பது எனக்குத் தெரியும். ஒடிசா கிராமங்களில் இதே முறையை இரண்டு விதமாகச் செய்து பார்த்தார்கள்: ஒன்று வீட்டுக்குப் போவது, மற்றொன்று அம்மாக்களைப் பிள்ளைகளோடு சிறு குழுவாக ஓரிடத்தில் கூட்டுவது. குழந்தைகளின் அறிவு, மொழி வளர்ச்சியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பலனைத் தந்தன, குழுவுக்குச் செலவு குறைவு. ஆக, நீங்கள் கூட்டம் போடுவதில் தப்பில்லை, அதில் பிள்ளைகள் இருக்கிறார்களா, அம்மா கையில் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் விஷயம். அந்தக் கூட்டமும் வாராவாரம் நடந்தது. மாதம் ஒரு தடவை போதாது, அதற்கு உங்களுக்கு ஆள் உதவி வேண்டும், அதைத் துறைதான் தர வேண்டும், நீங்கள் மட்டும் சுமக்க வேண்டியதில்லை.

இப்போதைக்கு, அடுத்த கூட்டத்துக்கு ஏழெட்டு அம்மாக்களைப் பிள்ளையோடு வரச் சொல்லுங்கள். காலி பாட்டிலில் கொஞ்சம் பயறு போட்டு மூடியை இறுக்கி ஒட்டிவிடுங்கள், பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளாதபடி. பேச்சைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பாட்டிலை அம்மாக்களிடம் கொடுத்துவிடுங்கள். எப்படிப் போனது என்று எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவோம்.